பேனையால் எழுதும் மடிக்கணினி: வாங்குமுன் கடையிலேயே செய்யவேண்டிய சோதனைகள்

கமநல சேவை நிலையத்துப் பதிவு, வீட்டுத்திட்டப் பரிசோதனை, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் படிவம், பாடசாலைக் கணிதம் என்று எதற்காக வாங்கினாலும், திரையில் பேனையால் எழுதுகிற மடிக்கணினியில் முதலில் பார்க்கவேண்டியது பேனைதான். சேமிப்புத் தட்டு தேய்ந்தால் புதிது போடலாம். பற்றரி கிழடானால் மாற்றலாம். பேனையை உணரும் தகடு அப்படியில்லை. அது திரையோடு ஒட்டியே வருகிறது. அதில் பிழை வந்தால் திரை முழுவதையும் மாற்றவேண்டும், பாவித்த கணினி என்றால் அந்தச் செலவு கணினியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். கடைக்காரர் முதலில் சொல்வது புரொசெசரும் ராமும். அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது கொண்டுபோகவேண்டியவை: 30 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்று (உலோக அடிமட்டம் கண்ணாடியைக் கீறும்), நீங்கள் அலுவலகத்தில் நாளாந்தம் நிரப்புகிற படிவத்தின் பிடிஎஃப் கோப்பு ஒரு யுஎஸ்பியில், டேற்றா உள்ள போன், மென்மையான துணி. ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போவது நல்லது, திரையை வெயிலிலும் பார்க்கவேண்டியிருக்கிறது.

மடிவதா, கழருவதா

இரண்டு வகை உடலமைப்பு உண்டு. ஒன்றில் திரை முழுதாகப் பின்னால் மடிந்து விசைப்பலகையின் முதுகோடு ஒட்டும். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 யோகா, எல்13 யோகா, எச்பி எலைட்புக் எக்ஸ்360, டெல் லாட்டிடியூட் 7390 டூ-இன்-வன் எல்லாம் இந்த வகை. நிறை 1.2 முதல் 1.5 கிலோ வரும். மற்றதில் விசைப்பலகை கழன்றுவிடும், கையில் திரை மட்டும் இருக்கும். மைக்ரோசொஃப்ற் சர்ஃபேஸ் புரோ 6 இன் திரைப்பகுதி 770 கிராம் மட்டுமே.

மேசையில் இருந்து எழுதுகிறவருக்கு மடியும் வகை போதும். வரம்பில் நின்றும் வீட்டு வாசலில் நின்றும் எழுதுகிறவர் கழரும் வகையைத்தான் பார்க்கவேண்டும். கடையில் கதிரையில் இருந்து சோதிக்காதீர்கள். இடது முன்கையில் படுக்கவைத்து, நின்றபடி பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். 1.4 கிலோவின் பாரம் ஐந்தாவது நிமிடத்தில் தெரியும். அதே நேரம் காற்று உள்ளே போகும் துளைகள் உங்கள் முன்கையால் மூடுப்படுகின்றனவா என்றும் பாருங்கள். மூடுப்பட்டால் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பேனைக் கோடும் பின்தங்கத் தொடங்கும்.

படிவத்தின் அளவும் ஒரு விடயம். 13.3 அங்குல, 16:9 திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 16.6 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். ஆகவே உங்கள் படிவம் 79 வீதமாகச் சுருங்கும், 12 புள்ளி எழுத்து ஒன்பதரைப் புள்ளியாகத் தெரியும். சர்ஃபேஸ் புரோவின் 12.3 அங்குலத் திரை 3:2 விகிதம் என்பதால் சிறிதாக இருந்தும் நிமிர்த்தியபோது 17.3 சென்ரிமீற்றர் அகலம் தருகிறது. அரச படிவங்களில் பெயர் எழுதும் கட்டங்கள் ஏற்கெனவே ஒடுக்கமானவை. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, பெருப்பிக்காமல், அந்தக் கட்டத்துக்குள் ஒரு முழுப்பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெருப்பித்துப் பெருப்பித்து எழுதவேண்டுமென்றால் நாற்பது குடும்பத்தின் பதிவு ஒரு நாளில் முடியாது.

கீலை இப்படிச் சோதியுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றை முழு வெளிச்சத்தில் திறந்துவைத்து, திரையை இருபது தரம் ஆறுதலாக மடித்து விரியுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை துடித்தால் கீலுக்குள்ளால் போகும் வயர் நைந்துவிட்டது. அது கூடுமே தவிரக் குறையாது, அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். தட்டையாக மடித்தபின் பின்பக்கத்து விசைகளை அழுத்துங்கள், எதுவும் எழுதப்படக்கூடாது. திரையை நான்கு பக்கமும் திருப்பினால் படமும் இரண்டு மூன்று விநாடிக்குள் திரும்பவேண்டும்.

பேனையின் இனத்தைக் கண்டுபிடிப்பது

பேனைகள் மூன்று இனம். பழையது வேகொம் நிறுவனத்தின் மின்காந்த முறை. பேனைக்குள் பற்றரியே இல்லை, திரைக்குக் கீழுள்ள தகடே அதற்கு மின்னைக் கொடுக்கிறது. திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 டப்லெட்களிலும் முதலிரண்டு சர்ஃபேஸ் புரோக்களிலும் இருந்தது இதுதான். எழுத மிக நல்லது, ஆனால் அந்தக் கணினிகளுக்கு வயது போய்விட்டது. இரண்டாவது வேகொமின் ஏஈஎஸ். திங்க்பேட் எக்ஸ்1 யோகாவிலும் டெல் 7390 இலும் இருப்பது அது. மூன்றாவது மைக்ரோசொஃப்ற்றின் எம்பிபி, சர்ஃபேஸ் புரோ 3 தொடக்கம் வருவது. பின்னைய இரண்டுக்கும் பேனைக்குள் மின் வேண்டும்.

ஓர் இனத்துப் பேனை இன்னோர் இனத்துத் திரையில் எழுதாது. ஒரே நிறுவனத்தின் பெயர் இருந்தால் பொருந்தும் என்று நம்பி வாங்குவதுதான் அதிகம் நடக்கிற பிழை. ஒரே நிறுவனமே வெவ்வேறு மொடலுக்கு வெவ்வேறு இனம் போடுகிறது. ஏஈஎஸ், எம்பிபி இரண்டிலும் எழுதுகிற வேகொம் பாம்பூ இங்க் போன்ற பேனைகளும் உண்டு, பேனையிலுள்ள பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து இனத்தை மாற்றலாம்.

கடைக்காரர் தருவது உண்மையான பேனைதானா என்பதை ஐந்து விநாடியில் அறியலாம். நுனியைத் திரையில் படாமல் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான உயரத்தில் பிடியுங்கள். சிறு குறி ஒன்று திரையில் தோன்றிப் பேனையோடு நகரவேண்டும். தோன்றாவிட்டால் ஒன்றில் பேனை செத்திருக்கிறது, அல்லது அது வேறு இனத்துப் பேனை, இல்லையென்றால் அது போனுக்கு விற்கிற ரப்பர் நுனிக் குச்சி. ரப்பர் நுனி உங்கள் விரலைப் போல வேலைசெய்யும் ஒரு பொருள் மட்டுமே. கையைத் திரையில் வைத்தபடி அதனால் எழுத முடியாது. "புளூரூத்தில் இணைத்தால்தான் எழுதும்" என்று சொன்னால் ஏற்கவேண்டாம். புளூரூத் பேனையின் மேல் பொத்தானுக்கு மட்டுமே தேவை, மை வருவதற்கு வேண்டியதில்லை.

பேனைக்கு மின் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். சர்ஃபேஸ் புரோ 4, 5, 6 இன் பேனைகளும் டெல்லின் பல பேனைகளும் ஏஏஏஏ பற்றரியில் ஓடுபவை. ஏ நான்கு, மூன்றல்ல. ரிமோட்டுக்குப் போடுகிற ஏஏஏ அதற்குள் போகாது. கொழும்பிலிருந்து யாராவது வரும்போது நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திங்க்பேட் யோகாக்களில் பேனை கணினியின் உடம்புக்குள் செருகி நிற்கும், செருகியிருக்கும்போதே மின் ஏறிவிடும். மோட்டார் சைக்கிளில் கிரவல் வீதிகளில் திரிகிறவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். காந்தத்தால் ஓரத்தில் ஒட்டுகிற பேனை அதிர்வில் கழன்றுவிடும். அப்படிப்பட்டதை வாங்கினால் பைக்குள் பேனைக்கென்று தனியறை தைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிச் சோதனை

ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்து "நல்லா எழுதுது" என்று வாங்குபவர்களுக்கு வீட்டுக்குப் போனபின்தான் பிரச்சினை தெரியவரும். தமிழ் எழுத்துக்குப் புள்ளி உயிர். மெல்லத் தொட்டு எடுக்கிற அந்தப் புள்ளியைப் பேனை தவறவிட்டால் "க்" என்பது "க" ஆகிவிடும், பெயரும் ஊரும் மாறிவிடும்.

ஒன்நோட்டையோ, இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்ஜேர்னல் பிளஸ்பிளஸ்ஸையோ திறந்து, கோடு போட்ட பக்கத்தில் "முத்தையன்கட்டுக்குளம்" என்று எழுதுங்கள். எழுத்தின் உயரம் ஐந்து மில்லிமீற்றர் அளவில், நீங்கள் கடதாசியில் எழுதும் வேகத்திலேயே இருக்கட்டும். அந்தச் சொல்லில் ஐந்து புள்ளி: த், ன், ட், க், ம். பத்துத் தரம் எழுதினால் ஐம்பது. இப்போது எண்ணுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் அது கையின் அவசரம். ஐந்துக்கு மேல் குறைந்தால் ஏன் என்று பார்க்கவேண்டும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பேனை உணரத் தொடங்குவதற்கு வேண்டிய அழுத்தம் கூடவாக இருக்கலாம். இன்னொரு பத்துத் தரம், புள்ளியைச் சற்று அழுத்தி வையுங்கள். எல்லாம் வந்தால் இதுதான் காரணம். நுனி தேய்ந்திருந்தால் புது நுனி போட்டுப் பாருங்கள், பேனையின் மென்பொருளில் அழுத்த உணர்வைக் கூட்டியும் பாருங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் பேனைக்குள் இருக்கிற உணரி களைத்துவிட்டது. வேறு பேனையால் சோதிக்கக் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் விண்டோஸ். புள்ளியை ஆறுதலாக வைப்பவர் நுனியைக் கொஞ்சம் நிறுத்திப் பிடிப்பார். விண்டோஸ் அதை "வலது கிளிக்" என்று எடுத்துக்கொள்ளும். நுனியைச் சுற்றிச் சிறு வட்டம் ஒன்று வருவதைக் கண்டால் இதுதான். கண்ட்ரோல் பனலில் பேனையும் தொடுகையும் என்ற பகுதிக்குப் போய், அழுத்திப் பிடித்தல் என்பதன் அமைப்பில் வலது கிளிக்கை நிறுத்திவிடுங்கள். கணினியில் பிழையில்லை.

மூன்றாவது, புள்ளி வருகிறது, ஆனால் பக்கத்து எழுத்தின் தலையில் விழுகிறது. கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் படத்துக்கும் இடைவெளி கூட இருந்தாலோ, அளவுதிருத்தம் பிழைத்திருந்தாலோ இப்படி நடக்கும். டப்லெட் பிசி அமைப்பில் அளவுதிருத்தத்தை ஒரு தரம் செய்து, திரும்ப எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக விலகியது திருத்தத்தோடு சரியாகும். இடத்துக்கு இடம் வேறு வேறு பக்கம் விலகினால் தகட்டில் பிழை.

அடுத்ததாக "இரணைமடு" எழுதுங்கள். "இ", "ணை" இரண்டிலும் சுழிகள் உண்டு. சுழி வட்டமாக வரவேண்டும். மூலை மூலையாக முறிந்து வந்தால் பேனையின் இருப்பிடம் போதிய வேகத்தில் வாசிக்கப்படவில்லை. பின்புலத்தில் வேறு வேலை ஏதும் ஓடுகிறதா என்று பார்த்து, நிறுத்திவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

இனி அடிமட்டம். திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அதைச் சாய்வாக வைத்து, 20 சென்ரிமீற்றர் நீளத்தைப் பத்து விநாடி எடுத்து ஆறுதலாக இழுங்கள். ஏஈஎஸ், எம்பிபி திரைகளில் கோடு சிறிது அலை அலையாக வரும். அது அந்த முறையின் இயல்பு, தகட்டிலுள்ள கம்பிவலையின் இடைவெளிக்கு ஏற்ப அலை எழும்புகிறது. வழமையான எழுத்து வேகத்தில் இழுக்கும்போது அலை மறைந்துவிட்டால் பதிவு வேலைக்குப் போதும். காணி வரைபடத்தின் மேல் கோடு போடுகிறவருக்கும் கேத்திரகணிதம் கற்பிக்கிறவருக்கும் இந்த அலை தொந்தரவு தரும். அவர்கள் இரண்டு மூன்று மொடலை ஒன்றாக வைத்து ஒப்பிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

பிறகு பெயின்டைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் குறுக்குக் கோடுகளால் திரையை நிரப்புங்கள். அதன்மேல் நெடுக்குக் கோடுகள். கோடுகள் எல்லாம் ஒரே நேர்வரிசையில் அறுந்தால் அந்த வரிசை செத்துவிட்டது. ஓரத்து ஒரு சென்ரிமீற்றரையும் விடாமல் கீறுங்கள், மென்பொருட்களின் பொத்தான்கள் இருப்பது அங்கேதான்.

விரலுக்கு வேலைசெய்து, பொருத்தமான இனத்துப் பேனைக்கு வேலைசெய்யாத திரை கண்டால் அது மாற்றுத் திரையாக இருக்கலாம். உடைந்த திரைக்குப் பதிலாகப் பேனைத் தகடு இல்லாத மலிவுத் திரையைப் போட்டு விற்பதுண்டு. "டிரைவர் போட்டால் சரிவரும்" என்ற சொல்லுக்காகக் காசு கொடுக்காதீர்கள், போட்டுக் காட்டியபின் கொடுங்கள்.

உள்ளங்கையையும் மறக்கவேண்டாம். கடதாசியில் போலக் கையை முதலில் வைத்து, அதன்பின் நுனியை வைத்து அரைப்பக்கம் எழுதுங்கள். கைபட்ட இடத்தில் கீறல்கள் விழுந்தாலோ பக்கம் நகர்ந்தாலோ, பேனை பாவிக்கும்போது தொடுகையைப் புறக்கணிக்கும் அமைப்பைப் போட்டு இன்னொரு தரம் பாருங்கள். வேர்த்த கையோடும் ஒரு தரம். குளிரூட்டிய கடைக்குள் எழுதிய கையும் சித்திரை மாத வயலில் எழுதும் கையும் ஒன்றல்ல.

சார்ஜரைச் செருகியபின் திரும்ப எழுதுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் பற்றரியில். இப்போது சார்ஜரைச் செருகி, அடிமட்டக் கோட்டையும் முத்தையன்கட்டையும் திரும்ப எழுதுங்கள். கோடு நடுங்கினாலோ, தொடாமலே திரை தானாக அழுத்துப்பட்டாலோ, உலோக உடம்பைத் தடவும்போது கையில் சுரசுரப்பாக மின் தெரிந்தாலோ, கணினியைக் குற்றம் சொல்லமுன் பிளக் பொயின்ற்றைப் பாருங்கள். சார்ஜருக்குள் இருக்கும் சிறு கொள்ளளவி ஒன்றின் வழியாக மிகச் சிறிதளவு மின் கசிவது இயல்பு, அது எர்த் வயரால் நிலத்துக்குப் போகவேண்டும். எர்த் இல்லாத இடத்தில் அந்தக் கசிவு கணினியின் உடம்பிலேயே தங்கி, பேனையின் மெல்லிய சைகையைக் குழப்பிவிடும்.

மூன்று கம்பிப் பிளக்கை இரண்டு கம்பி அடாப்டரில் போட்டுப் பாவித்தால் எர்த் அங்கேயே அறுந்துவிடும். வீட்டு வயறிங்கில் எர்த் கம்பி இருந்தாலும், கோடையில் நிலம் வரண்டு வெடிக்கும்போது நிலத்தின் மின்தடை ஏறி அது பலவீனமாகும். மாரியில் ஒழுங்காக எழுதிய கணினி ஆடி, ஆவணியில் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எர்த் கம்பி இறங்கிய இடத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள், மின்னியலாளரைக் கொண்டு ஒரு தரம் அளந்தும் பாருங்கள். சூரியமின்கலத்தோடு மலிவு இன்வேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கோளாறு வரும். அதன் மின்னலை வழவழப்பாக வராமல் படி படியாக வருவதால் சார்ஜர் இரையும், பேனை குழம்பும். 12 வோல்ட் பற்றரியிலிருந்து நேரே யுஎஸ்பி-சி வழியாக ஏற்றும் வாகனச் சார்ஜர் அந்த இடத்துக்கு நல்லது. 45 வாட்டுக்குக் குறையாததாக எடுங்கள். உங்கள் கணினி யுஎஸ்பி-சி வழியாக ஏறுமா என்பதையும் கடையிலேயே செருகிப் பார்க்கவேண்டும்.

வெயிலும் சூடும்

கணினியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, முழு வெளிச்சத்தில் வைத்து, உங்கள் படிவத்தைத் திறவுங்கள். அலுவலகக் கணினிகள் பலவற்றின் திரை வெளிச்சம் 300 நிட்ஸ் அளவு (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). மரநிழலில் அது போதும், வெட்டவெளியில் உங்கள் முகம்தான் அதில் தெரியும். 400 நிட்ஸுக்கு மேல் இருந்தால் வரம்பில் நின்று வாசிக்கலாம். எச்பி எலைட்புக் சிலவற்றில் ஷுவர் வியூ என்ற மறைப்புத் திரை உண்டு, பக்கத்திலிருப்பவர் பார்க்காதபடி சரிவான கோணத்தில் இருட்டாக்குவது. மேசையில் தட்டையாக வைத்து எழுதும்போது நீங்களே சரிவாகத்தான் பார்ப்பீர்கள். அப்படிப் பார்த்து, பிடித்தால் மட்டும் எடுங்கள்.

இந்தக் கணினிகள் பெரும்பாலானவை 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டவை. வன்னியின் கோடை மதியம் நிழலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லிதியம் பற்றரிக்கு 45 பாகைக்கு மேல் மின் ஏற்றுவது கூடாது, வெயிலில் ஓடிவந்தவுடன் சார்ஜரில் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

பற்றரியின் நிலையை அறிய, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பற்றரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி (powercfg /batteryreport) என்ரர் அழுத்துங்கள். வரும் அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழுமின் கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதின் 80 வீதத்துக்கு மேல் என்றால் நல்லது. 60 க்கும் 80 க்கும் இடையில் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்குக் கீழே புதுப் பற்றரியின் விலையைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். எண்ணை மட்டும் நம்பாமல், முழு வெளிச்சத்தில் அரைமணி நேரம் எழுதும்போது எத்தனை வீதம் இறங்கியது என்றும் குறியுங்கள். பத்து வீதம் என்றால் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஓடும்.

கணினியைத் தட்டையான மேசையில் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினாலோ, தொடுபட்டை மேலெழும்பி இருந்தாலோ, கழரும் வகையில் திரையின் நடுவே மஞ்சள் படலம் தெரிந்தாலோ, பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்கவேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மற்றவர்கள் கையெழுத்திடும்போது

உங்கள் கை பழகிவிடும். பயனாளிகளின் கை அப்படியல்ல. முதல்முறை கண்ணாடியில் எழுதுகிற முதியவர் ஒன்றில் அழுத்தி எழுதுவார், அல்லது தொடவே தயங்குவார். கடையில் நிற்கும் வயதானவர் ஒருவரிடம் கேட்டு ஒரு கையெழுத்து வாங்கிப் பாருங்கள். மூன்றாவது முயற்சியிலும் வராவிட்டால் அந்தப் பேனை களத்துக்குச் சரிவராது. கைநாட்டு வைப்பவர்களுக்குக் கடதாசிப் பக்கம் ஒன்றைத் தனியே வைத்திருக்கவேண்டும்.

திரையில் போட்ட கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் மரணசாசனம், தத்துவப் பத்திரம், காணி விற்பனையும் கைமாற்றமும் போன்றவை அதற்கு வெளியே. காணி உறுதியோடு தொடர்பான எதையும் இந்தத் திரையில் முடிக்க நினைக்கவேண்டாம்.

எழுதியது தானாகத் தட்டச்சு எழுத்தாக மாறும் என்று சொன்னால், தமிழில் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் வசதிகளில் கையெழுத்துக்கான பேனைக் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். மாறாவிட்டாலும் எழுதியது மையாகவே பக்கத்தில் நிற்கும், பதிவுக்கு அது போதும். தேடி எடுக்கவேண்டிய பெயர், அட்டை இலக்கம் போன்றவற்றை விசைப்பலகையில், யூனிகோட்டில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயரைப் பிறகு தரவுத்தளத்தில் தேட முடியாது.

கோபோ போன்ற படிவ மென்பொருளில் வேலைசெய்பவர்கள், போனில் ஓடும் செயலி விண்டோஸில் இல்லை என்பதை அறிந்திருக்கவேண்டும். உலாவியில் திறக்கும் வலைப்படிவம் இணையம் இல்லாத இடத்திலும் நிரப்பித் தேக்கிவைக்கும், ஆனால் இணையம் உள்ள இடத்தில் ஒரு தரம் திறந்திருக்கவேண்டும். இருப்பிடப் புள்ளி வேண்டுமென்றால் இன்னும் கவனம்: வைஃபை மட்டும் உள்ள மடிக்கணினிக்குள் ஜிபிஎஸ் இருப்பதில்லை. சிம் துளை தெரிந்தாலும் உள்ளே மோடம் அட்டை இல்லாமல் இருக்கலாம். சிம்மைப் போட்டு இணைத்துப் பாருங்கள்.

பூட்டு, வயது, பில்

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு, இன்ரெல் என்றால், எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வேண்டும். எக்ஸ்1 யோகாவின் மூன்றாம் தலைமுறை, எச்பி 1030 ஜி3, டெல் 7390, சர்ஃபேஸ் புரோ 6 தொடக்கம் எடுங்கள். அவற்றுக்கு ஒரு படி முந்திய 1030 ஜி2, டெல் 7389 என்பவை வெளியே பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே ஏழாம் தலைமுறை. மொடல் இலக்கத்தை அடிப்பக்க ஒட்டியில் பாருங்கள். ராம் பெரும்பாலும் பலகையோடு ஒட்டி வருவதால் பிறகு கூட்ட முடியாது, ஆகவே 16 ஜிபி இருந்தால் நல்லது, 8 க்குக் குறைய வேண்டாம்.

வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழித்த கணினிகளில் மறைந்திருக்கும் பூட்டுகள் இரண்டு. ஒன்று பயோஸ் கடவுச்சொல், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புக்குப் போட்ட பூட்டு. கணினியைத் தொடக்கும்போது லெனோவோவுக்கு எஃப்1, எச்பிக்கு எஃப்10, டெல்லுக்கு எஃப்2 அழுத்தி உள்ளே போங்கள். கடவுச்சொல் கேட்டு, கடைக்காரருக்கும் அது தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மற்றது பழைய நிறுவனத்தின் பதிவு. விண்டோஸை முற்றாக அழித்துத் திரும்ப அமைக்கும்போது உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டோடு இணைத்துச் செய்யுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்தால் அந்தக் கணினி இன்னும் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது. இணையமில்லாமல் அமைத்துக் காட்டினால் இந்தத் திரை வராது, இரண்டு மாதம் கழித்து இன்னொரு தரம் அழிக்கும்போதுதான் வரும். இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும், பேனைச் சோதனைகள் முடிந்தபின் தொடக்கிவிட்டு விலை பேசுங்கள்.

பில்லில் கணினியின் தொடரிலக்கத்தோடு பேனையின் மொடலையும் தனியே எழுதுவியுங்கள். உத்தரவாதத்தில் பேனை சேருமா, சேராதா என்பதையும் அதே பில்லில். ஒரு வாரத் திருப்பிக்கொடுக்கும் தவணை கேளுங்கள். அந்த வாரம் உங்கள் வீட்டுப் பிளக்கிலும், அலுவலகப் பிளக்கிலும், வேலைசெய்யும் வயலிலும் முத்தையன்கட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பாதுகாப்புக்கு ஒட்டும் தாள் போடுவதென்றால் தவணை முடியுமுன் போடுங்கள். தடித்த கண்ணாடித் தாள் பேனையின் உணர்வை மழுங்கச் செய்யும், மெல்லிய மங்கல் தாள் கடதாசி போல நுனியைப் பிடிக்கும், ஆனால் நுனி விரைவில் தேயும். உதிரி நுனி ஐந்து சேர்த்து வாங்குங்கள். சோளகம் வீசும் மாதங்களில் திரையில் படியும் செம்மண் புழுதியை உலர்துணியால் தேய்க்கவேண்டாம், மண்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள், நுனியையும் சேர்த்து.